துணி, மரம், கம்பி: பழைய போர் விமான மாடல் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்வி எல்லாமே முதல் உலகப்போர் விமான கிட் பத்திதான் இருந்துச்சு, எனக்கு ரொம்ப சந்தோஷம், அதனால வேற எதையும் கலக்காம இத மட்டுமே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, ரெண்டாம் உலகப்போர் ஃபைட்டர் நாலஞ்சு கட்டிட்டேன். இப்ப பைப்ளேன் (ரெண்டடுக்கு இறக்கை விமானம்) பக்கம் வரணும்னு ஆசை, ஆனா இறக்கைக்கு நடுவுல இழுத்துக் கட்டற அந்த கம்பிகள பாத்தாலே கை நடுங்குது. எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: யோசிக்காம ஃபோக்கர் டிஆர்-1 எடுத்துக்கோ தம்பி. மூணு இறக்கை இருக்கேன்னு மிரளாத, அந்த இறக்கைகளுக்கு உள்ளயே கனமான மர ஸ்பார், அதாவது இறக்கையோட முதுகெலும்பு மாதிரி ஒரு கட்டை ஓடுது, வெளிய கம்பி போட்டு இழுத்துக் கட்ட தேவையே இல்லாத டிசைன் அது. மேல் இறக்கைய தாங்குற ஸ்ட்ரட்டுக்கு நடுவுல குறுக்கு கம்பி, சக்கரத்துக்கு மேல குறுக்கு கம்பி, வால் பக்கம் கொஞ்சம் கண்ட்ரோல் கேபிள், அவ்ளோதான் வேலை. 1/72ல (நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவு) வாங்காத, 1/48 வாங்கு. நிஜ விமானத்தோட இறக்கை அகலம் 7.2 மீட்டர், 1/72ல அது 10 சென்டிமீட்டர்தான் வரும், 1/48ல 15 வரும், அந்த 5 சென்டிமீட்டர் உன் விரலுக்கு எவ்ளோ நிம்மதி குடுக்கும்னு கட்டும்போது தெரியும்.

கலர் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். எல்லாரும் ஜெர்மன் விமானி ரிக்தோஃபனோட முழு சிவப்பு விமானத்தத்தான் கட்டுறாங்க, அவர் 80 விமானத்த வீழ்த்தினதுல பெரும்பகுதி டிஆர்-1ல இல்ல, அதுக்கு முன்னாடி ஓட்டின ஆல்பட்ராஸ் மாதிரி விமானங்கள்லதான். நீ ஃபேக்டரி கலர்லயே அடிச்சு பாரு. வெளிர் துணி மேல பச்சையும் பழுப்பும் கலந்த பெயின்ட்ட பிரஷ்ல கோடு கோடா இழுத்து விட்டிருப்பாங்க, அடியில வெளிர் நீலம். அதாவது நிஜ விமானத்துலயே பிரஷ் கோடு தெரியும்! பிரஷ்ஷ பெயின்ட்ல முக்கி, பேப்பர்ல முக்கால்வாசி துடைச்சிட்டு, மிச்சம் இருக்கறத வச்சு லேசா இழு, அடியில இருக்க துணி கலர் அங்கங்க எட்டிப் பாக்கணும். கோடு எந்த திசையில போகுதுன்னு பழைய போட்டோவ பாத்து வச்சுக்கோ. ஏர்பிரஷ் இல்லன்னு வருத்தப்படுறவங்களுக்கு இதவிட பொருத்தமான விமானம் கிடையாது.

கேள்வி: சார், பழைய போட்டோல பிரிட்டிஷ் விமானத்து மேல இருக்க அடையாள வட்டத்தோட வெளி வளையம் வெளிறிப்போய் இருக்கு, நடு வட்டம் கறுப்பா இருக்கு. கிட்டோட டெக்கால்ல (மாடல் மேல ஒட்டற ஸ்டிக்கர்) அடர் நீலமும் சிவப்பும் இருக்கு. எத நம்புறது?

பதில்: டெக்கால நம்புங்க. அந்த காலத்துல நிறைய யூஸ் பண்ணது ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம், அதுக்கு சிவப்பு வெளிச்சம் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, நீலம் ரொம்ப நல்லா தெரியும். அதனால சிவப்பு கறுப்பா விழும், மஞ்சள் கூட இருட்டாதான் வரும், நீலம் வெளுத்துப் போயிடும். போட்டோவ பாத்து "இது கறுப்பு விமானம்"னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அது சிவப்பா இருக்குமோன்னு ஒரு தடவ யோசிங்க. இன்னொண்ணு, பிரிட்டிஷ் வட்டத்துல நடுவுல சிவப்பு, பிரெஞ்சு வட்டத்துல நடுவுல நீலம், ஒட்டும்போது மாத்திடாதீங்க. ஜெர்மன் விமானமா இருந்தா தேதி முக்கியம், 1918 வசந்த காலத்துல வளைஞ்ச சிலுவைய விட்டுட்டு நேர்க்கோட்டு சிலுவைக்கு மாறினாங்க.

கேள்வி: என் சாப்வித் கேமல் மாடலுக்கு பேனல் லைன்ல (தகடுகள் சேர்ற கோடு) கறுப்பு வாஷ், அதாவது தண்ணியா கரைச்ச பெயின்ட் குடுத்து, ஓரத்துல எல்லாம் சில்வர் வச்சு பெயின்ட் உரிஞ்ச மாதிரி பண்ணேன். நல்லா வந்துச்சு, ஆனா என்னமோ தப்பா இருக்கு. என்னன்னு சொல்லுங்க.

பதில்: உங்க கண்ணு சரியாத்தான் சொல்லுது. பெயின்ட் உரிஞ்சா உள்ள சில்வர் தெரியறதுக்கு உள்ள அலுமினியம் இருக்கணும்ங்க. கேமலோட இறக்கை முழுக்க துணி, லினன் துணிய மர சட்டத்து மேல போத்தி, டோப்ங்கற வார்னிஷ் அடிச்சு முரசுத் தோல் மாதிரி இறுக்கினது. அது கிழியும், அழுக்காகும், சில்வரா மட்டும் மாறவே மாறாது. இஞ்சினுக்கு பக்கத்துல மட்டும்தான் மெட்டல் தகடு, காக்பிட் பக்கத்துல பிளைவுட். நான் எந்த கிட்ட எடுத்தாலும் பெயின்ட் டப்பாவ திறக்கறதுக்கு முன்னாடி பென்சில் எடுத்து இன்ஸ்ட்ரக்ஷன் ஷீட்லயே ஒவ்வொரு பார்ட்டுக்கும் பக்கத்துல து, ம, த அப்படின்னு எழுதிடுவேன், துணி, மரம், தகடு. அத எழுதிட்டா எங்க சில்வர் வரலாம், எங்க வரவே கூடாதுன்னு தானா தெளிவாயிடும்.

அழுக்கு பண்ணணும்னு ஆசையா இருந்தா வழி இருக்கு. கேமல்ல இருக்கறது ரோட்டரி இஞ்சின், ப்ரொபெல்லரோட சேந்து இஞ்சின் மொத்தமும் சுத்தும், அதுக்கு ஊத்துற எண்ணெய் விளக்கெண்ணெய், அது திரும்ப டேங்க்குக்கு போகாது, புகையோட சேந்து வெளியதான் தெறிக்கும். அதனால கௌலிங்குக்கு (இஞ்சின் மூடி) பின்னாடி வயித்துப் பக்கம் பழுப்பு கலர் ஆயில் பெயின்ட்ட ரொம்ப தண்ணியா கரைச்சு பின்பக்கமா வழியற மாதிரி விடுங்க, அந்த இடம் மட்டும் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டும். மேல அடிக்கிற பி.சி.10ங்கற பிரிட்டிஷ் பெயின்ட் கலர் பழுப்பா பச்சையான்னு சண்டை வேணாம், மஞ்சள் காவியையும் விளக்குக் கரியையும் கலந்து பண்ண கலர் அது, ரெண்டுக்கும் நடுவுல பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்.

கேள்வி: லோசெஞ்ச் டெக்கால் (ஜெர்மன் விமானத் துணியில அச்சடிச்ச பல கலர் பலகோண டிசைன்) ஒட்டினதுக்கு அப்புறம் அடியில வெள்ளி மாதிரி மினுக்குது. ஏன்?

பதில்: மேட் (மினுக்கமில்லாத) பெயின்ட் மேல ஒட்டிட்டீங்க, சொரசொரப்புல காத்து மாட்டிக்குச்சு. முதல்ல கிளாஸ் (பளபளக்கற) வார்னிஷ், காஞ்சதும் டெக்கால், அப்புறமா மேட். இப்ப மினுக்கற இடத்துல ஊசியால குத்தி டெக்கால் சொல்யூஷன் விட்டு பாருங்க, ஓரளவு சரியாகும். இறக்கையோட மேல்பக்கத்துக்கு அடர் கலர் துணி, அடிப்பக்கத்துக்கு வெளிர் கலர் துணின்னு தனித்தனியா அச்சடிச்சாங்க, ஷீட்ட வெட்டறதுக்கு முன்னாடி எது எதுன்னு பாத்துக்கோங்க.

கேள்வி: கம்பிக்கு மீன்பிடி நரம்பு, எலாஸ்டிக் நூல், ஸ்ப்ரூ இழுக்கறது, இதுல எது பெஸ்ட்?

பதில்: முதல்ல கணக்கு. நிஜத்துல 6 மில்லிமீட்டர் கம்பின்னா 1/48ல 0.125 மில்லிமீட்டர், 1/72ல 0.08தான், முடி கனம். அதனால 1/72க்கு நான் ஸ்ப்ரூதான். ஸ்ப்ரூன்னா பார்ட்டெல்லாம் ஒட்டியிருக்கற கிட் ஃப்ரேம், அதுல ஒரு துண்ட வெட்டி மெழுகுவத்திக்கு மேல, தீ படாத உயரத்துல உருட்டிட்டே இருங்க, பிளாஸ்டிக் பளபளன்னு ஆகி நடுவுல தொய்ய ஆரம்பிக்கும், உடனே வெளிய எடுத்து ஒரு நொடி விட்டு ரெண்டு பக்கமும் சீரா இழுங்க. தீயில வச்சே இழுத்தா அறுந்துடும். டிவைடர்ல நீளம் எடுத்து வெட்டி, ரெண்டு முனையிலயும் துளி வெள்ளை கோந்து. தொய்வா இருந்தா ஊதி அணைச்ச தீக்குச்சி கனல தொடாம கிட்ட கொண்டு போனா அதுவே இறுகிக்கும்.

1/48க்கு எலாஸ்டிக் நூல் நல்லது, கை பட்டாலும் திரும்ப நேரா நிக்கும். அதுவும் கேமல், எஸ்இ5ஏ மாதிரி பிரிட்டிஷ் விமானங்கள்ல இறக்கைக்கு நடுவுல போன கம்பி உருண்டை இல்ல, காத்த கிழிக்கற மாதிரி தட்டை, தட்டையா வர எலாஸ்டிக் அதுக்கு அச்சு அசலா இருக்கும். எத எடுத்தாலும் 0.3 டிரில் பிட்ல ஓட்டைய மேல் இறக்கை ஒட்டறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. நான் ஒரு கேமல்ல ஒட்டினதுக்கு அப்புறம் போடப் போய், பிட் வழுக்கி ரெண்டு ஸ்ட்ரட் உடைஞ்சு, மூணு வாரம் அத தொடவே மனசு வரல.

கேள்வி: விண்ட்ஷீல்டு ஒட்டினதும் புகை படிஞ்ச மாதிரி ஆயிடுச்சே?

பதில்: சூப்பர் க்ளூ ஆவி. அதுக்கு மட்டும் வெள்ளை கோந்து யூஸ் பண்ணுங்க, இப்ப ஆனத ரொம்ப நைஸ் உப்புத்தாள்ல தேச்சு கிளியர் வார்னிஷ்ல முக்கி எடுங்க.