சரிவு நிலத்தில் குளமில்லா அருவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கோத்தகிரி வாசகி): எங்கள் தோட்டம் இரண்டு தட்டுகளாக இறங்குகிறது, இடையே 4 அடி உயரம். அங்கே ஒரு அடி அகலத்தில் நீர் விழும்படி ஒரு சிறு அருவியும், அதற்கு மேலே 8 அடி நீள ஓடையும் அமைக்க விரும்புகிறோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாலும், கொசுவுக்கு அஞ்சியும் குளம் வேண்டாம் என்று முடிவு செய்துள்ளோம். கொத்தனார் சிமென்ட் தொட்டி கட்டலாம் என்கிறார். குழியும் பம்பும் எந்த அளவில் இருக்க வேண்டும்?

பதில்: குளமில்லா அருவியில் விழும் நீர் கூழாங்கற்களின் இடுக்குகள் வழியே இறங்கி, அடியிலுள்ள குழியில் தேங்கி, அங்கிருக்கும் நீர்மூழ்கிப் பம்பினால் மீண்டும் உச்சிக்கு ஏறுகிறது. திறந்த நீர்ப்பரப்பு இல்லாததால் தங்கள் இரண்டு அச்சங்களுக்கும் இது பொருத்தமான தீர்வுதான். ஆனால் அளவுகளுக்கு முன்பாக இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மலைச்சரிவில் மண்ணுக்குள் கசியும் நீரே பெரிய ஆபத்து. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்கு வாழ்பவர்கள் மறந்திருக்க முடியாது. தோட்டத்து அருவியின் அளவு சிறியதே என்றாலும், தடுப்புச்சுவருக்குப் பின்னால் நாள்தோறும் கசியும் நீர், மண்ணின் எடையைக் கூட்டி, அதன் பிடிமானத்தைக் குறைத்து, சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். எனவே கீழ்த் தட்டின் விளிம்பிலும் ஒரு தடுப்புச்சுவர் இருக்குமானால், குழியை அச்சுவரின் உயரம் அளவுக்காவது உட்புறமாகத் தள்ளித் தோண்டுங்கள். சுவர்களிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள்.

சிமென்ட் தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் கலந்த நிலத்தில், அதிலும் வெட்டிக் கொட்டிச் சமப்படுத்திய தட்டில், சிமென்ட் பூச்சு நாளடைவில் வெடிப்பு விடும். நிலத்துக்கடியில் இருப்பதால் அந்த வெடிப்பு கண்ணுக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈபிடிஎம் ரப்பர் விரிப்பை, மேலும் கீழும் ஜியோடெக்ஸ்டைல் துணி வைத்து விரியுங்கள். மண் சற்று அசைந்தாலும் விரிப்பு அதனுடன் வளைந்து கொடுக்கும். குழிக்கும் ஓடைக்கும் இடையே விரிப்பு தொடர்ச்சியாக இருப்பது நல்லது. ஒட்டுப் போட வேண்டி வந்தால், மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மீது ஓட்டு வீட்டு ஓடுபோல ஏறி நிற்க வேண்டும்.

இனிக் கணக்கு. தங்கள் ஓடை ஒன்றரை அடி அகலமும் இரண்டு அங்குல நீராழமும் கொண்டதாயின், ஓடும்போது அதில் சுமார் 55 லிட்டர் நீர் இருக்கும்; குழாயில் இருப்பதையும் சேர்த்து 65 லிட்டர் என்று கொள்ளலாம். பம்பை இயக்கியவுடன் இவ்வளவும் குழியிலிருந்துதான் மேலே போகும் என்பதால், குழி குறைந்தது இதைப்போல் மூன்று மடங்கு நீர் கொள்ள வேண்டும். ஆவியாவதும் தெறிப்பதும் இருப்பதால் 500 லிட்டர் வைத்துக்கொள்வதே என் விருப்பம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 5 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள குழியின் கொள்ளளவு 1,400 லிட்டர் என்றாலும், கூழாங்கற்களை நிரப்பியபின் இடுக்குகளில் தங்குவது 35 முதல் 40 விழுக்காடு மட்டுமே, அதாவது ஏறத்தாழ 500 லிட்டர். தங்களுக்கு இந்தக் குழி போதும். இதை இரண்டு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டே தோண்டிவிடலாம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

விழும் விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு 150 லிட்டர் நீர் வந்தால் அருவி அறுபடாமல் விழும். ஒரு அடிக்கு 4,500 லிட்டர் ஆகிறது. பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், நீரை உயர்த்தாமல் தள்ளும்போது கிடைப்பது. தங்களுக்குக் குழியின் ஆழமும் அருவியின் உயரமும் சேர்ந்து 2 மீட்டர் ஆகிறது. குழாயின் உராய்வையும் கருதி, 3 மீட்டர் உயரத்தில் 4,500 லிட்டர் தரும் பம்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். குழாய் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். ஒரு அங்குலக் குழாய் போட்டால் பம்பின் ஆற்றலில் பெரும்பகுதி உராய்விலேயே வீணாகும். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) முறையான எர்த்தும் கட்டாயம் இருக்க வேண்டும்.

குழிக்கு ஒரு வழிகால் குழாய் வைத்து அதை மழைநீர்க் கால்வாய் வரை கொண்டு செல்லுங்கள். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் குழியின் வாய்க்குள் மட்டும் 180 லிட்டருக்கு மேல் இறங்கும். அது சரிவில் வழியக் கூடாது. அந்த வழிகாலின் மட்டம் கூழாங்கற்பரப்புக்கு மூன்று அங்குலம் கீழே இருந்தால், கொசு முட்டையிட நீர் வெளியே தெரியாது. ஓடையின் பள்ளங்களில் தேங்கும் நீருக்காக நாள்தோறும் சிறிது நேரமாவது பம்பை ஓட விடுங்கள். காட்டெருமைகள் வந்துபோகும் தோட்டமென்றால், பம்புக் கூட்டின் (குழிக்குள் கற்கள் நெருக்காதபடி பம்பைச் சுற்றி வைக்கும் பெட்டியின்) மூடியை அவற்றின் தடத்திலிருந்து விலக்கி, வீட்டுப் பக்கமாக வையுங்கள்.

கற்களை ஓடைகளிலிருந்து பெயர்த்து வராதீர்கள். விலைக்கு வாங்கி, பெரிய கற்களை அருவியின் இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி வையுங்கள். சோலைக்காட்டு ஓடைகளைக் கவனித்தால் நீர் பெரணிகளுக்கும் காசித்தும்பைகளுக்கும் நடுவிலிருந்து வருவதைக் காணலாம். அவற்றையே நடுங்கள், சதுப்புகளில் கட்டுக்கடங்காமல் பரவும் ஏரம் லில்லி வேண்டாம்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): சென்ற ஆண்டு அமைத்த எங்கள் குளமில்லா அருவிக்கு வாரம் இருமுறை நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. விரிப்பு கிழிந்துவிட்டதா?

பதில்: உடனே கற்களை அள்ளிவிடாதீர்கள். குழியை நிரப்பி, பம்பை நிறுத்தி, மழையில்லாத இரண்டு நாள் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால் குழியில் குறையில்லை. இழப்பு மேலே ஓடையில்தான். விரிப்பின் விளிம்பு தாழ்ந்த இடத்தையும், கல்லின் பின்புறமாக நீர் நழுவும் இடத்தையும் தேடுங்கள். தங்கள் ஊரின் ஈரத்தில் பாசி செழித்து விளிம்பைத் தாண்டி வளர்ந்திருந்தால், அது திரிபோல நீரை உறிஞ்சி வெளி மண்ணுக்குக் கடத்தும். விளிம்போரம் ஒரு சாண் அகலத்துக்கு அதை நீக்குங்கள். பம்பு நின்றிருக்கும்போதும் மட்டம் இறங்கினால், எங்கே நிலைக்கிறதோ அந்த உயரத்தில்தான் கிழிசல் இருக்கும். அதுவரை மட்டும் கற்களை எடுத்துப் பாருங்கள்.