பிளைவுட் டோரி: தண்டா, பாயா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

'மரவேலையில் கைப்பழக்கம் உண்டு, படகு கட்டியதில்லை. இருவர் தூக்கிக் காரின் மேல் வைக்கும் எடையில், தண்டு (துடுப்பு) வலிக்கவும் பாய் விரிக்கவும் ஏற்ற டோரி என்னும் சிறுபடகை வீட்டிலேயே கட்ட முடியுமா? எந்தப் பிளைவுட் வாங்குவது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கட்ட முடியும். ஆனால், டோரியின் சுபாவத்தை அறியாமல் வரைபடம் வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து கிராண்ட் பேங்க்ஸ் என்னும் கடலடி மீன்பிடி மேடுகளுக்குச் சென்ற பாய்க்கப்பல்களின் தளத்தில், குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய படகு அது. அடிப்பாகம் குறுகித் தட்டையாகவும், பக்கங்கள் வெளிநோக்கிச் சாய்ந்தும் இருப்பதால், வெறுமையாக இருக்கையில் கால் வைத்ததும் ஆடும். மீன் நிறைந்து அமிழ அமிழத்தான் நிலைகொள்ளும்.

ஆகவே, தண்டுக்கென்றே வரையப்பட்ட ஒடுக்கமான டோரியில் பின்னர் பாய்மரம் நடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மாசசூசெட்ஸின் குளோஸ்டர் நகரத்துப் படகு வடிவமைப்பாளர் பிலிப் போல்ஜர் வரைந்த, பதினைந்தரை அடி நீள லைட் டோரி அத்தகையது. வலிப்பதற்கு அருமையான படகு, பாய்க்கு உரியதன்று. இரண்டும் வேண்டுமென்றால், ஜான் ஹாரிஸ் வடிவமைத்த நார்த்ஈஸ்டர் டோரியைப் பாருங்கள்: நீளம் 17 அடி, அகலம் நாலரை அடி, பாய்க்கருவிகள் நீங்கலாக எடை ஏறத்தாழ 45 கிலோ.

இந்த எடையைக் காப்பது பலகைதான். ஒக்கூமே என்னும் இலேசான ஆப்பிரிக்க மரத்தில் செய்த 6 மி.மீ. மரைன் பிளைவுட், எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்று சுமார் 9 கிலோ வரும், இந்தியாவில் ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுடன் கிடைப்பது நீருக்குத் தாங்கும், ஆனால் கனமான மரமென்றால் அதே அளவு 12 கிலோவையும் தாண்டும். ஐந்து தாளில் 15 கிலோ வித்தியாசம் என்றால், இருவர் தூக்குவது மூவர் வேலையாகிவிடும். முத்திரையை மட்டும் நம்பாமல், உள்ளங்கையளவு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து உலர்த்தி, மறுபடியும் கொதிக்கவையுங்கள். அடுக்கு விட்டால் அந்தத் தாள் படகுக்கு ஆகாது.

வெட்டிய பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் எபாக்ஸி என்னும் பிசின் பசையும் மரமாவும் (நுண்ணிய மரத்தூள்) குழைத்து நிரப்ப வேண்டும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தாலும் விழாத கெட்டித் துவையல் பதம் வந்ததும் பூசி, தேவைக்கு மேற்பட்டதை இறுகும் முன்பே வழித்தெடுங்கள்; புதியவர்கள் கட்டும் படகு கனப்பது பெரும்பாலும் இங்கேதான். பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு எபாக்ஸியை இரண்டு மூன்று முறை ஊட்டுங்கள், ஏனெனில் நீர் நுழையும் வழி அதுவே. வெயிலில் எபாக்ஸி சிதையும் என்பதால், மேலே பெயின்ட் அவசியம்.

பாய் விரிப்பதாயின், கவிழ்ந்த படகை மிதக்கவைக்கும் காற்றறைகளை அணியத்திலும் பின்புறத்திலும் கட்டாயம் அமையுங்கள். கரையோர ஆழமற்ற நீரில், உயிர்காப்பு உடையுடன், வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்து, நிமிர்த்தி, நீரை இறைத்துப் பார்த்த பின்னரே ஆழத்துக்குச் செல்லுங்கள்.