அம்மா எப்போ வருவாங்க?

அன்புள்ள மேடம்,

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. என் தம்பிக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம். ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருக்கிறது. அம்மா இருந்தவரை, பிடிகே என்கிற சமூக மறுவாழ்வு மையத்து வேனில் தானாக ஏறிப் போவான். சாயங்காலம் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுப்பான். இப்போது அதுவும் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா தவறிவிட்டார். காரியம் முடியும்வரை அவனைச் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். கேட்டதற்கு, "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டோம். இப்போது வேனில் ஏற மாட்டேன் என்கிறான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறான். ராத்திரி கேட்டருகே போய் உட்கார்ந்துகொள்கிறான். குளிக்கக் கூப்பிட்டால் தலையில் அடித்துக்கொள்கிறான். கிளினிக்கில், "இவங்களுக்கு இது சகஜம்" என்றார்கள். அத்தை மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

ஜெலுத்தோங் வாசகி

அன்புச் சகோதரி,

டவுன் சிண்ட்ரோம் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. மைலோ கலக்குவது நின்றது எட்டு மாதமாகத்தானே? அப்புறம் எப்படி இது சகஜம்? தம்பியைப் போல் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு மனநலச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வராததால் எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். டாக்டர்களும்தான்.

முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது அடிக்கடி நடக்கும். பார்வைக்கு அது மனச்சோர்வு மாதிரியே இருக்கும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல்கூடத் தலையில் அடித்துக்கொள்ள வைக்கும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இவர்களிடம் அதிகம். அதனால் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள்: அம்மா இருந்தபோது தம்பியின் ஒரு நாள் எப்படி, இப்போது எப்படி. அதைக் காட்டி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஓகேயு அட்டையில் கற்றல் குறைபாட்டுப் பிரிவு என்றிருப்பது அதற்குத் தடையில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, காயம்படும்படி அடித்துக்கொண்டாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கயிறு கட்டுவதில் எனக்குச் சண்டையில்லை, கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கேட்தான். ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் அல்லவா? தம்பி காத்திருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுங்கள். "சாமிகிட்ட போயிட்டாங்க", "தூங்குறாங்க" எல்லாம் வேண்டாம். பிறகு தூங்கவே பயப்படலாம். "அம்மா உடம்பு முடியாம இறந்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. நான் உன்கூட இருக்கேன்." படத்தை வைத்துக்கொண்டு, இதே வார்த்தைகளில். திரும்பத் திரும்பக் கேட்பார், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். அஸ்தி கரைத்த இடத்துக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். நான்கு மாதத்தில் ஆண்டுத் திதி வருகிறதே, அன்று விளக்கேற்றுவது அவர் கையாக இருக்கட்டும்.

ஷிஃப்டும் வீடும் சேர்ந்து உங்களை அழுத்தினால் 15555 ஹீல் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். வேனில் ஏறச் சொல்லி இப்போதைக்கு மல்லுக்கட்ட வேண்டாம். பிடிகே ஆசிரியரை ஒருமுறை வீட்டுக்கு வரச் சொல்லிப் பாருங்கள். அவர் வரும் சாயங்காலம் மைலோ டின்னையும் கோப்பைகளையும் மேசையில் எடுத்து வையுங்கள். கலக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.