ஐரிஷ் கவுன்சில் தேர்தல்: 1 போட்டதோடு நிறுத்தாதீர்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அயர்லாந்தில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடமிருந்து. அடுத்த கவுன்சில் தேர்தல் 2029ல்தானே, இப்போதே எதற்கு இதெல்லாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 2024 ஜூன் 7 அன்று வாக்குச்சாவடி வாசல் வரை போய், பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போதே.

எனக்கு ஐரிஷ் குடியுரிமை கிடையாது, ஸ்டாம்ப் 4 என்ற குடியிருப்பு அனுமதியில் இருக்கிறேன். கவுன்சில் தேர்தலில் வோட்டு உண்டா? (லூக்கன்)

உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், அங்கே குடியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கவுன்சில் தேர்தலுக்கு இவ்வளவுதான். ஸ்டாம்ப் 1 ஆனாலும் சரி, மாணவர் விசா ஆனாலும் சரி. டோயில் (நாடாளுமன்றக் கீழவை) தேர்தலும் கருத்து வாக்கெடுப்பும் வேறு கணக்கு, அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒழுங்காக வரி கட்டுவதால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பிபிஎஸ் எண்ணும் (அரசு தரும் தனிநபர் எண்) எயர்கோடும் (அஞ்சல் குறியீடு) கையில் இருந்தால் இணையத்திலேயே பத்து நிமிட வேலை. வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். தேர்தலுக்குச் சில வாரம் முன்பே கதவு மூடிவிடும். இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் கட்சிக்குப் புள்ளடி (X) போட்டு, அப்புறம் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடுவோம். இங்கேயும் அப்படித்தானா? (கால்வே)

இல்லை. இரண்டையும் விகிதாசாரம் என்று அழைத்தாலும் முறை வேறு. அங்கே முதல் வாக்கு கட்சிக்கு, ஆட்கள் அப்புறம். இங்கே கட்சிப் பட்டியலே கிடையாது. சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரும் அகர வரிசையில், படத்தோடு இருக்கும். பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்படியே 3, 4 என்று கட்சி எல்லையைத் தாண்டி எப்படி வேண்டுமானாலும் எண் போடலாம். புள்ளடிப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். புள்ளடி போட்ட சீட்டு செல்லுமா என்பது தேர்தல் அதிகாரி மேசையில் தீர்மானமாகிற விஷயம். உங்கள் சீட்டு அந்த மேசைக்கே போக வேண்டாம்.

ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி எங்களுடையது. ஜெயிக்க எத்தனை வோட்டு வேண்டும்? (கார்க்)

செல்லுபடியான வோட்டுகளை, இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டு, ஒன்று சேர்க்க வேண்டும். 12,000 வோட்டு, 7 இடம் என்றால் 12,000ஐ 8ஆல் வகுத்து 1,500. அதோடு 1. கோட்டா 1,501. எட்டில் ஒரு பங்கு ஆதரவு இருந்தால் கவுன்சிலர். ஐந்து இடத் தொகுதியில் ஆறில் ஒரு பங்கு. சிறிய கட்சிகளும் சுயேச்சைகளும் இங்கே தாக்குப்பிடிக்கும் ரகசியம் இந்த வகுத்தல்தான்.

நான் ஆதரிக்கும் வேட்பாளருக்கு 1 மட்டும் போட்டுவிட்டு வந்தேன். 2 போட்டால் அது அவருக்கே எதிராகப் போய்விடும் என்று நண்பர் சொன்னார். சரிதானே? (ஸ்வோர்ட்ஸ்)

சரியே இல்லை. இந்த ஒரு தப்பான அறிவுரை எத்தனை வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. படித்தவர்கள், மருத்துவமனையில் உயிர் காக்கும் வேலை பார்ப்பவர்கள்கூட இதை நம்பிச் சீட்டைப் பாதியில் மடித்துப் பெட்டியில் போடுகிறார்கள்.

உங்கள் சீட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். முதல் சுற்றில் அது நீங்கள் 1 போட்டவரின் கட்டில் இருக்கும். அவர் களத்தில் இருக்கும்வரை அங்கேயேதான் இருக்கும். நீங்கள் 2 போட்டவருக்கு அதில் அரை வோட்டுகூடப் போகாது. உங்கள் 2ஐ எண்ணுபவர் பார்ப்பது இரண்டே நேரங்களில். ஒன்று, உங்கள் ஆள் கோட்டாவைத் தாண்டி ஜெயித்து, அவருக்குத் தேவைக்கு மேல் வோட்டு மிஞ்சும்போது. மற்றது, எல்லாருக்கும் கீழே போய் அவர் வெளியேற்றப்படும்போது. முதலாவதில் அவருக்கு அந்த உபரி தேவையில்லை. இரண்டாவதில் அவர் போட்டியிலேயே இல்லை. இதில் எந்த இடத்தில் 2 அவருக்குக் குழி பறிக்கும்? உங்கள் நண்பரிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2004லிருந்து எண்ணிக்கை மையங்களில் நின்றிருக்கிறேன். பெட்டியைத் திறந்து சீட்டுகளை விரிக்கும்போதே தடுப்புக்கு இந்தப் பக்கம் டேலி எடுப்பவர்கள் பென்சிலும் அட்டையுமாகச் சாய்ந்து நின்று, எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை 1 என்று குறிப்பார்கள். அன்று மதியத்துக்குள் முதல் நான்கு பேர் யார் என்று தெரிந்துவிடும். கடைசி இடம்தான் இழுக்கும். எட்டாவது, ஒன்பதாவது சுற்று, சில இடங்களில் அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள். அப்போது களத்தில் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். அவர்களைப் பிரிப்பது சில பத்து வோட்டு. பக்கத்திலேயே மாற்ற முடியாத வோட்டுகள் என்று ஒரு கட்டு, அந்த வித்தியாசத்தைப் போல் பல மடங்கு உயரத்தில் இருக்கும். அதில் இருப்பவை 1, 2 என்று போட்டுவிட்டு நிறுத்தியவர்களின் சீட்டுகள். கடைசி கவுன்சிலரை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒவ்வொரு சீட்டும் ஒரு ஆள் வேலை முடிந்து, மழையில் நனைந்து, வரிசையில் நின்று போட்டது.

சகித்துக்கொள்ளக்கூடியவர்கள் இருக்கும்வரை எண்ணைப் போட்டுக்கொண்டே போங்கள். இவர் வரவே கூடாது என்று நினைப்பவரைக் கடைசியில் விடுங்கள், அல்லது வெறுமையாக விடுங்கள். உங்கள் பத்தாவது எண்ணுக்குக்கூட அந்த நாளில் வேலை வரலாம்.

உபரியை மாற்றும்போது எந்தச் சீட்டுகளை எடுப்பார்கள்? (டப்ளின்)

நல்ல கேள்வி. கோட்டா 1,500 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் சுற்றிலேயே 1,800 வாங்கிவிட்டார். உபரி 300. அவருடைய 1,800 சீட்டுகளையும் 2 யாருக்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். 1,000 சீட்டில் 2 ‘ஆ’ என்ற வேட்பாளருக்கு, 500 சீட்டில் ‘இ’ என்ற வேட்பாளருக்கு, 300ல் 2ஏ இல்லை. மாற்றக்கூடியவை 1,500. அவை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதால் ஆவுக்கு 200, இவுக்கு 100. அந்த 200ஐ ஆவின் கட்டில் மேலே இருந்து அப்படியே எடுத்துக் கொடுப்பார்கள். அவற்றில் 3 யாருக்கு என்பது யதேச்சை. எண்ணும் முன் சீட்டுகளை நன்றாகக் கலக்குவது இதற்காகத்தான். ஒருவர் பின்னால் ஏதோ ஒரு சுற்றில் மாற்று வோட்டால் கோட்டாவைத் தாண்டினால், கடைசியாக வந்து சேர்ந்த கட்டை மட்டும் பார்ப்பார்கள்.

வட அயர்லாந்து கவுன்சில் தேர்தலில் எல்லாச் சீட்டையும் பின்ன மதிப்பில் மாற்றுகிறார்கள். நம் ராஜ்ய சபா தேர்தலிலும் ஒரு சீட்டுக்கு 100 என்று மதிப்பு வைத்து அப்படியே. அதுதான் நேர்மையான கணக்கு என்பது என் கருத்து. கையால் எண்ணும்போது நேரம் கூடும், பரவாயில்லை.

கோட்டாவையே தொடாத ஒருவர் எப்படி ஜெயித்தார்? (லிமரிக்)

மிச்சம் இருந்த இடத்துக்கு மிச்சம் இருந்த ஆள் அவர்தான். 1 மட்டும் போட்ட சீட்டுகள் ஒதுங்க ஒதுங்க, கோட்டாவைத் தொடப் போதுமான வோட்டு களத்தில் இருக்காது. மேலே ஸ்வோர்ட்ஸ் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

அன்றைக்கு இரண்டு சீட்டு கொடுத்தார்கள். ஐரோப்பியச் சீட்டில் 1, 2 போட்டேன், கவுன்சில் சீட்டில் 3, 4, 5 என்று தொடர்ந்தேன். பிரச்சினை இல்லையே? (டிரலீ)

இருக்கிறது. உங்கள் கவுன்சில் வோட்டு செல்லாது. அதுவும் கெரியிலிருந்து இந்தக் கேள்வி! 2014ல் உங்கள் கவுண்டியில், லிஸ்டோல் பகுதியில் இதே தகராறுதான் வந்தது. அங்கே 3ல் தொடங்கிய சீட்டுகளில் அந்த 3ஐ 1 என்று எடுத்துக்கொண்டு எண்ணிவிட்டார்கள். சில வோட்டில் தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் விருப்பம் என்றால் 1 என்ற எண் இருக்க வேண்டும், 3ஐ 1 ஆக்க முடியாது என்று 2015ல் தீர்ப்பு. கவுன்சில் தேர்தலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடப்பது இங்கே வழக்கம், அதனால் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சீட்டின் மேலேயே குறிப்பு அச்சிட்டிருக்கும். அரை நிமிடம் ஒதுக்கிப் படித்தால் போதும். ஒவ்வொரு சீட்டும் 1ல் தொடங்க வேண்டும்.

ஒரே கட்சியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்த துண்டறிக்கையில் 1ஐ இன்னாருக்குப் போடு என்கிறார்கள், பக்கத்துக் குடியிருப்பில் மற்றவருக்கு. ஏமாற்றா? (நாவன்)

ஏமாற்று இல்லை. இருவரும் ஏறக்குறைய சமமாக முதல் வோட்டு வாங்கினால் இருவருமே கடைசிவரை தாக்குப்பிடிப்பார்கள் என்ற கணக்கு. ஒருவருக்கே எல்லாம் குவிந்தால் மற்றவர் உபரி வரும் முன்னே வெளியேறிவிடலாம். சட்டப்படி தவறில்லை. நீங்கள் கேட்டாக வேண்டும் என்றும் இல்லை.

ஐரிஷ் தேர்தல் முறை பற்றி முழுதாக எழுதவும். (ஊர் குறிப்பிடவில்லை)

கேள்வியாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

கவுன்சிலருக்கு வோட்டுப் போட்டோம். மருத்துவமனை காத்திருப்பு, பள்ளியில் இடம் எதற்கும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் எதற்கு இவர்? (பிளாஞ்சர்ட்ஸ்டவுன்)

மருத்துவமனையும் பள்ளியும் காவலும் கவுன்சில் கையில் இல்லை. தண்ணீர்கூடக் கவுன்சிலிடமிருந்து தேசிய நிறுவனத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது வளர்ச்சித் திட்டம், ஆண்டு வரவுசெலவு, வீட்டு வரியைச் சற்றுக் கூட்டுவதா குறைப்பதா என்பது போன்றவை. எந்த வயல் குடியிருப்பாகும், எங்கே கடை வரும் என்பது வளர்ச்சித் திட்டத்தில்தான் முதலில் எழுதப்படுகிறது, அது சின்ன விஷயமில்லை. அன்றாட நிர்வாகம் தலைமைச் செயல் அதிகாரியிடம். ஒரு தனி வீட்டுக்கான அனுமதியோ ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்குவதோ கவுன்சிலரின் கையெழுத்தில் நடக்காது. நடத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் லிமரிக் மேயரை நாங்களே தேர்ந்தெடுத்தோம். மற்ற ஊர்களில் ஏன் இல்லை?

2019ல் லிமரிக், கார்க், வாட்டர்ஃபோர்டு மூன்றிலும் மக்களிடம் கேட்டார்கள். லிமரிக் மட்டும் சரி என்றது, மற்ற இரண்டும் மயிரிழையில் வேண்டாம் என்றன. 2024 ஜூனில் சுயேச்சையாக நின்ற ஜான் மோரன் நாட்டின் முதல் நேரடி மேயரானார். மற்ற இடங்களில் கவுன்சிலர்களே வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்து மேயர் சங்கிலி போடுகிறார்கள்.

கவுன்சிலர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் எப்போது? (ஸ்லைகோ)

கிடையாது. கவுன்சிலே ஒருவரை நியமித்து நிரப்பும். கட்சி இடமென்றால் அந்தக் கட்சி சொல்லும் ஆள். சுயேச்சை இடமென்றால் கவுன்சிலின் விதிகள் சொல்லும் வழி.

உங்கள் ஊர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் அயர்லாந்தின் முதல் கவுன்சில் தேர்தல் நடந்தது ஸ்லைகோவில், 1919 ஜனவரியில். அடுத்த வருடமே நாடு முழுக்க. டோயில் தேர்தலில் இந்த முறையை எடுத்துவிடலாமா என்று 1959லும் 1968லும் அரசு மக்களிடம் கேட்டது. இரண்டு முறையும் மக்கள் விடவில்லை.

நம்மவர்கள் நிற்க முடியுமா? (டாலா)

டாலாவில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! கேரளத்திலிருந்து வந்த பேபி பெரேப்பாடன் உங்கள் பகுதியில்தான் ஜெயித்து, 2024ல் தெற்கு டப்ளின் மேயரும் ஆனார். அதற்கும் முன்னால், தஞ்சம் கேட்டு நைஜீரியாவிலிருந்து வந்த ரோட்டிமி அடெபாரி 2004ல் போர்ட்லீஷ் நகர மன்றத்துக்குத் தேர்வாகி 2007ல் அங்கே மேயரானார். வோட்டுக்கு மாதிரியே இதற்கும் ஐரிஷ் குடியுரிமை கேட்பதில்லை. கட்சி இல்லாமல் நின்றால் தொகுதி வாக்காளர்கள் 15 பேரின் ஒப்புதல், அல்லது 100 யூரோ டெபாசிட்.

ஒரு வருத்தம் மட்டும். அடெபாரி தொடங்கிய அந்தப் படிக்கட்டே இப்போது இல்லை. 2014ல் 80 நகர மன்றங்களையும் கலைத்துவிட்டார்கள். 1,600க்கு மேல் இருந்த கவுன்சிலர்கள் 949 ஆனார்கள், கவுன்சில்கள் 31. புதிதாக வந்தவர் தன் தெருவுக்கு அறிமுகமாகி முதல் தேர்தலைச் சந்திக்க நகர மன்றம் போல் நல்ல இடம் வேறு இல்லை. அதை எடுத்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் அடித்துத் திருத்தலாமா? (எனிஸ்)

திருத்தாதீர்கள். அந்தச் சீட்டை அங்கே இருக்கும் அலுவலரிடம் கொடுத்துப் புதிதாக ஒன்று கேளுங்கள், கொடுப்பார். பெட்டியில் போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. புதுச் சீட்டிலும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 1லிருந்து தொடங்குங்கள்.