உளி படாத கட்டை

கேள்வி: நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் கார்ல் ஆண்ட்ரே என்பவர் 9 மரக்கட்டைகளை அடுக்கி, 'ட்ராபம்' என்று பெயர் வைத்ததைச் சிற்பம் என்கிறார்கள். எங்கள் ஊர் மரக்கடையில் லோடு இறக்குகிறவர்கள் இதைவிட நேர்த்தியாக அடுக்குவார்கள். உளியே படாத கட்டை எப்படிச் சிற்பமாகும்? நம் சிற்பிகளுக்கு இது அவமானம் இல்லையா? போதாததற்கு, மனைவியைக் கொன்றதாக வழக்கில் சிக்கியவர். அவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லோடு இறக்குகிறவர்களோடு ஒப்பிட்டதற்கு ஆண்ட்ரே கோபப்பட்டிருக்க மாட்டார். 1960 முதல் 1964 வரை நியூ ஜெர்சியில் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் சரக்கு ரயில்களில் பிரேக்மேனாகவும் கண்டக்டராகவும் வேலை பார்த்தவர் அவர். ஒரே மாதிரிப் பெட்டிகளைக் கழற்றுவது, கோப்பது, வேறு வரிசையில் சேர்ப்பது என்று நாலு வருஷம். புகழ் வந்த பிறகும் தொழிலாளிகள் போடும் நீல ஓவராலோடுதான் திரிந்தார்.

உளி பிடிக்க வராமல் கட்டை அடுக்கப் போனவரும் இல்லை. லண்டன் டேட் மியூசியத்தில் அவருடைய 'லாஸ்ட் லேடர்' இருக்கிறது. 1959ல் செய்தது. ஆள் உயரத்தைத் தாண்டும் ஒற்றை உத்தரம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக வரிசையாகக் குடைந்த பள்ளங்கள். ருமேனியச் சிற்பி பிரான்குசியின் பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும். அந்த நாட்களில் அவர் செதுக்கியது ஓவியர் ஃப்ராங்க் ஸ்டெல்லாவின் ஸ்டுடியோவில். ஒருநாள் ஸ்டெல்லா பின்பக்கமாகப் போய், உளி படாத பரப்பைத் தடவிப் பார்த்து, இதுவும் நல்ல சிற்பம்தான் என்றாராம். ஸ்டெல்லா என்ன நினைத்துச் சொன்னாரோ, ஆண்ட்ரே அதைப் பிடித்துக்கொண்டார். மரத்தை வெட்டுவானேன், மரத்தை வைத்தே இடத்தை வெட்டலாமே என்கிற முடிவுக்கு வந்தார்.

நீங்கள் சொன்ன 9 கட்டைகள் அந்த யோசனையின் பலன். 1960லேயே திட்டம் தயார். மரம் வாங்கக் காசில்லை. காகிதத்திலேயே கிடந்து, 1977ல்தான் இந்த அடுக்கு உருவானது. டக்ளஸ் ஃபர் என்கிற ஊசியிலை மரம். ஒவ்வொரு கட்டையும் ஓர் அடிக்கு ஓர் அடி, நீளம் 3 அடி. உங்கள் ஊர்க் கணக்கில் 3 கன அடி. காய்ந்த மரம் என்றால் 45 கிலோ போல வரும், இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வைத்துவிடலாம். ஆணி, பசை, பொருத்துவாய் எதுவும் கிடையாது. கீழே மூன்று, அதன்மேல் குறுக்கே மூன்று, மறுபடி குறுக்கே மூன்று. மொத்தம் 3 அடி கனசதுரம்.

இப்போது அதைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கத்தில் நின்றால் மேலும் கீழும் மும்மூன்று கட்டைமுகங்கள், நடுவில் ஒரே ஒரு நீளப் பக்கம். திரும்பி அடுத்த பக்கம் வந்தால் அப்படியே தலைகீழ்: மேலும் கீழும் நீளப் பக்கம், நடுவில் மூன்று முகங்கள். முகம் என்றால் வளையங்கள் தெரியும் அறுப்பு. நீளப் பக்கம் என்றால் ரேகை ஓடும் பரப்பு. ஒரே மரத்தின் இரண்டு குணங்களையும் இப்படி மாற்றி மாற்றிக் காட்ட அவருக்கு உளி தேவைப்படவில்லை. இவ்வளவு தடித்த கட்டை காயும்போது நடுத்தண்டிலிருந்து வெடிப்பு ஓடும். ஆசாரி அதைப் பார்த்தால் கழித்துவிடுவார். இங்கே அதுவும் சிற்பத்தில் சேர்த்தி. மரக்கடைக் கட்டை நிலையாகவோ ஜன்னலாகவோ ஆகும்வரை காத்துக் கிடக்கிறது, அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை. இதற்கு வேறு எதுவும் ஆக வேண்டிய வேலை இல்லை.

இதைப் பார்த்ததும் தியானம் கூடுகிறது, பிரபஞ்சம் தெரிகிறது என்று கேட்டலாக்கில் எழுதுகிறவர்களை நீங்களும் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை. ஆண்ட்ரேயின் எல்லா வேலையும் எனக்குப் பிடிக்கும் என்றும் இல்லை. உலைக்குள் பதிக்கும் 120 செங்கற்களை இரண்டு அடுக்காகத் தரையில் பரப்பியதை டேட் 1972ல் வாங்கியது; 1976ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் வரிப்பணம் போச்சு என்று கூச்சல் போட்டன. ஆக, உங்கள் கோபத்துக்கு வயது ஐம்பது. என் ருசிக்குச் செங்கலைவிட மரம்தான் மேல். செங்கல் ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரி. மரத்தில் அப்படி ஏமாற முடியாது.

நம் சிற்பிகளுக்கு அவமானமா? மாமல்லபுரத்தில் கல் கொத்துகிறவரின் பிழைப்பில் ஆண்ட்ரே மண்ணைப் போடவில்லை. ஹோட்டல் வரவேற்பறைக்கு ஃபைபர் புத்தர் வாங்குகிறவர்களைப் போய்க் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி கனமானது. 1985 செப்டம்பரில், கல்யாணமான எட்டாவது மாதம், அவர் மனைவி நியூயார்க்கில் இவர்கள் வீட்டின் 34வது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆண்ட்ரே, ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும் விசாரித்த வழக்கில் 1988ல் விடுதலையானார். 2024 ஜனவரியில் இறக்கும்வரை அவர் கண்காட்சிகளில் எதிர்ப்புக் குரல் ஓயவில்லை. 1992ல் இதே குகன்ஹைமின் சோஹோ கிளை திறந்தபோதும் வாசலில் பெண்கள் திரண்டு நின்றார்கள். கோர்ட் விடுவித்தவரைக் குற்றவாளி என்று நான் எழுத மாட்டேன். கட்டைகள் நன்றாக இருப்பதை அவருக்கான நற்சான்றாகவும் நீட்ட மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு அக்கறையோடு எழுதிய நீங்கள் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லையே? ஆனா மெண்டியேட்டா. 1948ல் கியூபாவில் பிறந்தவர். பெற்றோரைப் பிரிந்து 12 வயதில் அமெரிக்கா அனுப்பப்பட்டவர். அயோவாவிலும் மெக்சிகோவிலும் மண்ணில், சேற்றில், புல்லில் தன் உடம்பின் வடிவத்தைப் பதித்து, சில சமயம் அதில் வெடிமருந்து நிரப்பிக் கொளுத்தி, படம் எடுத்து வைத்த 'சிலுயெட்டா' வரிசை அவருடையது. அதிலும் உளி கிடையாது. பார்த்துவிட்டு அவரைப் பற்றி ஒரு கேள்வி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே பதில் எழுதுகிறேன்.