முதல் முறை கயாக் ஏறும் நண்பரை எந்த ஆற்றுக்கு அழைத்துப் போவது?

கேள்வி: மூன்று வருடமாக ஆற்றில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டுகிறேன். கல்லூரி நண்பன் ஒருவன் தானும் வருகிறேன் என்கிறான். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான். கயாக்கில் உட்கார்ந்ததே இல்லை. ஜூலையில் கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரிக்கு அழைத்துப் போய் நானே சொல்லிக் கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: ஜூலையில் அங்கே அவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஆசை புரிகிறது. கயாக் போட்டியான மலபார் நதித் திருவிழா நடக்கும் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் மழைக்காலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் இரண்டும் பாறைகளுக்கு நடுவே சரிந்து இறங்கும் ஒடுக்கமான காட்டாறுகள். கவிழ்ந்தால் தலைக்கும் பாறைக்கும் இடைவெளி கம்மி. மூச்சு வாங்குவதற்குள் அடுத்த சரிவு வந்துவிடும். மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். உங்கள் மூன்று வருடப் பழக்கம் உங்களைக் காப்பாற்றும், அவரைக் காப்பாற்றாது.

வேகநீரை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறோம் அல்லவா, அவருக்கு முதலில் 1, பழகிய பிறகு 2. உங்களுக்குக் கொட்டாவி வரும்படியான தண்ணீர்தான் அவருக்குச் சரியான தண்ணீர்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கயாக்கை ஓட்டக் கற்பதற்கு முன் அதிலிருந்து வெளியே வரக் கற்க வேண்டும். புதியவர்களை உலுக்குவது அலை அல்ல, படகுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் பாவாடை போன்ற உறையான ஸ்ப்ரே ஸ்கர்ட். இடுப்பைச் சுற்றி அதை இறுக்கிப் படகின் வாயோடு மாட்டியதும், உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று மனம் பதறும். அந்தப் பதற்றத்தை வாயால் சொல்லிப் போக்க முடியாது.

கரையிலேயே கயாக்கில் உட்கார வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பைத் தடவி, ஸ்கர்ட்டைக் கழற்றும் முன்பக்க வளையத்தைப் பிடித்து இழுக்கட்டும், பத்துத் தடவை. பிறகு குளத்தில், இடுப்பளவு தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் நிற்க, முதலில் ஸ்கர்ட் இல்லாமல் கவிழட்டும். அடுத்து ஸ்கர்ட்டோடு. தலைகீழானதும் முன்னால் குனிய வேண்டும். பின்னால் சாய்ந்தால் முகம்தான் பாறையைச் சந்திக்கும். இரண்டு கையாலும் படகின் அடிப்பக்கத்தை மூன்று முறை தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அது சைகை, உள்ளே இருப்பவருக்கோ பதறாமல் இருக்க ஒரு வேலை. பிறகு வளையத்தை முன்னோக்கி இழுத்து, விளிம்பில் கை ஊன்றி, பேன்ட்டைக் கழற்றுவது போலப் படகைக் காலிலிருந்து தள்ளிவிட வேண்டும். சில விநாடி வேலைதான். மூக்கில் தண்ணீர் ஏறும், ஒரு மூக்குக் கிளிப் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒருமுறை தோழர் ஒருவருக்கு அது உள்ளே மடங்கிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றதால் படகைப் புரட்டி நிமிர்த்த முடிந்தது. இருமி முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆற்றோட்டம் போகும் திசையில் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேல் தெரிய மிதக்க வேண்டும். தரை தட்டியதும் எழுந்து நிற்பது நம் ஊர்ப் பழக்கம். ஓடும் நீரில் அதுதான் ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் முழங்கால் ஆழத் தண்ணீரே ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கும். இன்னொன்று: பயிற்சிக்குத் தடுப்பணைப் பக்கம் ஒதுங்காதீர்கள். பார்க்கச் சாதுவாக வழியும், ஆனால் அடியில் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும்.

எங்கே போகலாம் என்றால், என் ஓட்டு ரிஷிகேஷுக்கு, மழை ஓய்ந்த அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ. கங்கை அங்கே அகலம், ஆழம். பல வேகநீர்கள் முடிந்ததும் அமைதியான தேக்கம் இருப்பதால் விழுந்தவரையும் படகையும் பொறுக்கி எடுக்க நேரம் கிடைக்கும். முதல் நாள் சிவபுரியிலிருந்து 16 கிலோமீட்டர் ராஃப்டிங் போகட்டும். ஆற்றின் குளிரும் இழுப்பும் உடம்புக்குப் பழகும். பிறகு மூன்று நான்கு நாள் தொடக்கநிலைப் பயிற்சி. வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) கட்டாயம், தண்ணீர் இமயமலையிலிருந்து வருகிறது.

நீங்களே சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்பேன். அண்ணன் தம்பிக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையாகிவிடும். பயிற்சியாளர் முன்னே போகட்டும், நீங்கள் பின்னால் வந்து துடுப்பைப் பொறுக்குங்கள். ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்தும் வித்தை, பற்றி முதல் பயணத்தில் பேச்சே எடுக்காதீர்கள்.

ஜூலையில் கோடஞ்சேரிக்குத் தாராளமாகப் போங்கள், கரையில் நின்று பார்க்க. பாறைக்குப் பின்னால் ஓட்டம் திரும்பி அமைதியாகும் இடங்களை, நாம் எடி என்பதை, இரண்டு மூன்று காட்டுங்கள். அடுத்ததை அவரே கைநீட்டிக் காட்டினால் நவம்பருக்கு டிக்கெட் போட்டுவிடலாம்.