தெர்மாகோல் எரிமலைக்குப் பதிலாக ஒரு சொட்டும் குழாய்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். வகுப்பில் 42 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். செயல்திட்டம் கொடுத்தால் அப்பா செய்து கொடுத்த தெர்மாகோல் எரிமலையும், கடையில் வாங்கிய படம் ஒட்டிய சார்ட்டும்தான் வருகின்றன. பயிற்சிக்குப் போனால் செயல்திட்டவழிக் கற்றல் என்கிறார்கள். பாடத்தையும் முடித்துக்கொண்டு இதை உண்மையாகவே செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வருடத்துக்கு இரண்டு போதும், அதுவும் உங்களுக்கு நன்றாகக் கைவந்த பாடத்தில். பாடத்துக்குப் பாடம் ஒன்று என்று ஆரம்பித்தால் மறுபடியும் எரிமலையில்தான் போய் நிற்கும்.

எரிமலை கொண்டுவரும் பிள்ளைமேல் தப்பில்லை, அப்பாமேலும் தப்பில்லை. பாடம் நடத்தி முடித்து, விடை எல்லாருக்கும் தெரிந்த பிறகு, வீட்டில் செய்துவா என்கிறோம். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் மிச்சம். அது பிள்ளையைவிட அப்பாவுக்கு நன்றாக வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘காற்று மாசுபாடு’ என்று தலைப்புக் கொடுத்தேன். வந்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே புகைபோக்கிப் படம். பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் அந்தப் படத்தாள் மட்டும்தான் அன்று இருந்திருக்கிறது. எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டேன், வேறென்ன செய்ய?

இது நேற்று வந்த முறையும் அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறை பற்றி எழுதிய கட்டுரையில் வலியுறுத்தியது, பிள்ளை ஒரு நோக்கம் வைத்து மனமொன்றிச் செய்யும் வேலையைத்தான். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூல் நூற்பது போன்ற கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றி நடத்தச் சொன்னது. இரண்டிலுமே வேலைதான் பாடம். பாடம் முடிந்தபின் ஒட்டவைக்கும் வால் அல்ல.

ஆகவே முதலில் கேள்வியை மாற்றுங்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இதற்கு விடை கைடிலோ கடையிலோ கூகுளிலோ கிடைக்குமா? கிடைத்தால் வேண்டாம். ‘நீர் மாசுபாடு’ கிடைக்கும். ‘நம் பள்ளிக் குழாய்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வீணாகச் சொட்டுகிறது?’ எங்கேயும் கிடைக்காது. உங்களுக்கும் தெரியாது என்பதுதான் அதில் விசேஷம்.

இதையே எடுத்துக்கொள்வோம். முதல் பாடவேளையில் பேச்சு மட்டும். எத்தனை லிட்டர் இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து நோட்டில் எழுதட்டும். ஒரு லிட்டர் என்பவரும் இருப்பார், ஆயிரம் என்பவரும் இருப்பார். அதை யாரும் அழிக்கக் கூடாது, கடைசியில் தேவைப்படும். அப்புறம் எப்படி அளப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். வாளி வைக்கலாம் என்று தொடங்கி, வாளியில் மில்லிலிட்டர் கோடு இல்லையே என்பதில் வந்து நிற்பார்கள். பள்ளியில் அளவுச் சாடி இருந்தால் சரி. இல்லாவிட்டால் இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவு மூடி போதும், அதில் 5, 10 மி.லி. என்று கோடு இருக்கும். அதை வைத்துத் தண்ணீர் பாட்டிலில் அவர்களே கோடு போட்டுக்கொள்வார்கள். கோடு போடவே ஒரு முழுப் பாடவேளை போகும். போகட்டும். அளவீட்டை இதைவிட நன்றாக நடத்த எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அளப்பது. குழாய்க்கு அடியில் பாட்டில், பத்து நிமிடம். 90 மி.லி. சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 540 மி.லி. இங்கேதான் சண்டை வரும். ஒரு குழு பள்ளி நேரம் என்று எட்டால் பெருக்கி 4.3 லிட்டர் என்னும். இன்னொரு குழு 24ஆல் பெருக்கி 13 லிட்டர் என்னும். “ஸ்கூல் பூட்டுன பிறகு யாரு தண்ணி பிடிக்கிறா?” “பூட்டுனா சொட்டாம நின்னுடுமா?” “ராத்திரி டேங்க் காலியாயிட்டா?” தயவுசெய்து நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். காலையில் தொட்டி நிறைந்ததும் ஒரு தடவை, மாலையில் மணி அடிக்கும் முன் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியில் மட்டம் இறங்க இறங்கச் சொட்டும் மெதுவாவதைப் பிள்ளைகள் கவனிக்க வாய்ப்பு உண்டு. ஏன் சார் என்று ஒரு பிள்ளை கேட்ட நிமிடத்தில் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தைத் திறங்கள். திரவத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது என்ற வரிக்காக வகுப்பே காத்திருக்கும்.

செயல்திட்டத்துக்கு நடுவே கரும்பலகை பக்கம் போகக் கூடாது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சராசரி எடுக்கத் தெரியாத குழுவை நீயே கண்டுபிடி என்று விட்டால் அரைமணி நேரம் வீண். நேராகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலைக்கு அனுப்புங்கள். மொத்தம் ஆறேழு பாடவேளை ஆகும். கணக்கும் உங்களிடமே இருப்பதால் அதில் மூன்றைக் கணக்கிலிருந்து எடுக்கலாம். அலகு மாற்றம், சராசரி, வரைபடம், அழுத்தம் ஆகியவற்றை நடத்த எப்படியும் அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். எல்லாப் பாடமும் இதற்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனிமங்களின் குறியீடும் வேதிச் சமன்பாடும் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கும் சங்கதி அல்ல. அவற்றை வழக்கம்போல நடத்திப் பயிற்சி கொடுங்கள்.

உங்கள் பள்ளியில் ஒழுகும் குழாயே இல்லையென்றால் பாக்கியசாலி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருந்து, மேல்பாகம் வெட்டிக் கவிழ்த்த பாட்டிலில் மழையை அளக்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 120 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 3,000 லிட்டர். அது எங்கே போகிறது என்று கேட்டால் அடுத்த செயல்திட்டம் தயார்.

42 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்தால் ஆறு குழுக்களில் ஐந்தைந்து பேர், இரண்டு குழுக்களில் ஆறாறு பேர். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குழாய்கள் குறைவாக இருந்தால் ஒரே குழாயை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளக்கட்டும், எண் ஒத்துவராதபோது யார் சரி என்று தேடுவதும் வேலைதான். நேரம் பார்ப்பவர், அளப்பவர், குறிப்பவர், கணக்குப் போடுபவர் என்று வேலையைப் பிரித்து, தினமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பெண்பிள்ளைகள் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள், பையன்கள் குழாயடியில் நனைந்துகொண்டிருப்பார்கள். நான் பார்த்த வகுப்புகளில் அனேகமாக இப்படித்தான்.

மதிப்பெண்ணுக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கென்று, அதாவது பருவத் தேர்வு அல்லாமல் வகுப்பிலேயே போடுவதற்கென்று, வைத்த 40 மதிப்பெண்ணில் 20 செயல்பாடுகளுக்குத்தான். இதைப் பத்துக்குப் போட்டால், நான்கு மதிப்பெண் பிள்ளையின் சொந்த நோட்டுக்கு, நான்கு தனியாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு, இரண்டு மட்டும் குழுவுக்கு. “உங்க குழு 13 லிட்டர்னு எழுதியிருக்கே, எப்படி வந்துச்சு?” ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். வகுப்பு முழுவதும் கேட்க ஒரு பாடவேளைக்குக் கொஞ்சம் மேலே ஆகும், யார் வேலை செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அடித்தல் இல்லாத நோட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

முடிவைத் தலைமையாசிரியருக்கோ பள்ளி மேலாண்மைக் குழுவுக்கோ விண்ணப்பமாக எழுதட்டும். தமிழ் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைத்தால் கடிதப் பாடத்தை அந்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வார். குழாயில் வாஷர் மாற்றிய பிறகு மறுபடி ஒரு தடவை அளக்க மறக்காதீர்கள், பல பள்ளிகளில் இந்தக் கடைசி வேலை விட்டுப்போய்விடுகிறது. நன்றாக வந்த குழு இருந்தால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பலாம். 1993 முதல் நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம், தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை நடத்திவந்திருக்கிறது. எல்லாரையும் அனுப்ப வேண்டியதில்லை.

கண்காட்சிக்குச் சார்ட் வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். முதல் நாள் எழுதிய 42 ஊகங்களையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் அளந்து வந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு மாட்டுங்கள். யார் எவ்வளவு தள்ளிப்போனார்கள் என்று பார்க்கவே கூட்டம் சேரும். எரிமலை கொண்டுவந்தவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம், வாசலில் வைத்துக்கொள்ளலாம்.